கல்லில் இல்லாத பெயர்

ஜூலை 13, சனி. கில்கென்னி

வந்து சேர்ந்தேன். வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை இருபத்தைந்து மணி நேரம். திருவனந்தபுரத்தில் ஏறிய பக்கத்து இருக்கைக்காரர் தோஹா வரை என் தோளில் தூங்கினார். எழுப்பியதற்கு என்னைத்தான் முறைத்தார்.

டப்ளின் விமான நிலையத்தில் சின்னப்பன் நின்றிருந்தான். முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. நாற்பத்தொன்பதுக்கு அது அதிகம். நான் அவனைவிட ஆறு வயது மூத்தவன், எனக்கு முடி இருக்கிறது.

“பிரயாணம் எப்படி இருந்துச்சிண்ணே?”

“இருந்துச்சி.”

ஏழு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசியது இவ்வளவுதான். மீதி ஒன்றரை மணி நேரமும் காரில் அவனே பேசினான். என்னைக் கூட்டிப் போக வேண்டிய கோட்டைகள், மடாலயங்கள், பேராலயங்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்திருக்கிறானாம். “வரலாறு படிச்சவிய, ஒரு தடவையாச்சும் இதெல்லாம் பாக்காண்டாமா?” என்றான். நான் ஒருபோதும் இங்கே வர ஆசைப்பட்டதாக அவனிடம் சொன்னதில்லை.

நான் வந்ததற்குக் காரணம் பிலோமி. பெட்டி கட்டும்போது என் மனைவி சொன்னது இது: “ஊர் சுத்தவா போறிய? சொல்ல வேண்டியத நேர்ல சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. வள்ளியூரில் அப்பாவின் கல்லறைக் கல்லில் சின்னப்பனின் பெயர் இல்லை. வெட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அவன் மனைவி மகளோடு ஊருக்கு வருகிறான், அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக. ஊரே கூடி நிற்கிற நாளில் அவன் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்கிறாள் பிலோமி. ஆகஸ்டு ஒன்றாம் தேதி எனக்குத் திரும்பும் விமானம். பத்தொன்பது நாள் இருக்கிறது.

அவன் அடக்கத்துக்கு வரவில்லை. அதனால் பெயர் இல்லை. இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது?

ஜூலை 14, ஞாயிறு

காலையில் பூசை. பாடற்குழு முழுவதும் மலையாளிகள். தம்பி மனைவி ரெஜினா ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாடுகிறவர்கள் அவளோடு வேலை பார்ப்பவர்கள். அவள் வேலைதான் இவனை இங்கே கொண்டுவந்தது. இவன் இங்கே பேருந்து ஓட்டுகிறான். டெப்போவில் இவன் பெயர் ‘பால்’. அப்பா எங்களுக்கு ராயப்பன், சின்னப்பன் என்று இரண்டு அப்போஸ்தலர்களின் பெயரைச் சேர்த்தே வைத்தார், ஒரே நாளில் திருநாள் வரும் என்று. சின்னப்பன்தான் ஆங்கிலத்தில் பால், இவன் அப்படி மாற்றிக்கொண்டான். நான் ராயப்பனாகவே இருக்கிறேன்.

சாயங்காலம் கோட்டை. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மூன்று வட்டக் கோபுரங்கள், ஒரு பக்கம் மதில் இல்லாமல் பல் விழுந்த வாய் மாதிரித் திறந்து கிடக்கிறது.

“இது கிராம்வெல் கட்டுனதுண்ணே.”

“கிராம்வெல் இடிச்சவன்லே. கட்டுனவன் மார்ஷல். அவனுக்கும் நானூறு வருசம் முந்தி.”

“இடிச்சவன் பேருதான இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு” என்று சிரித்தான்.

இவனிடம் எப்போதும் இதுதான் தொல்லை. தப்பாகச் சொல்வான், திருத்தினால் அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அப்பா அந்தச் சிரிப்புக்கு மயங்குவார்.

ஜூலை 15, திங்கள்

மழை. துவைத்த இரண்டு சட்டையும் காயவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

அவனுக்கு விடுமுறை. டப்ளினுக்குக் கூட்டிப் போனான். புனித பேட்ரிக் பேராலயம். உள்ளே நுழைந்ததும் தூண்களையோ கண்ணாடிச் சன்னல்களையோ பார்க்க விடாமல் நேராக ஒரு பழைய மரக்கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கதவைத் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை.

“1492. ரெண்டு குடும்பம், தீராத பகை. பட்லர் குடும்பத்துக்காரன் உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டான். வெளிய நின்ன கில்டேர் பிரபு சமாதானமா போவோம்னு சொல்லுதான், உள்ள இருக்கவன் நம்ப மாட்டேங்கான். அப்ப இவன் என்ன பண்ணுனான்? கதவுல ஓட்டையப் போட்டு கைய உள்ள நீட்டிட்டான். வெட்டுனா கை போச்சு. ஆனா உள்ள இருந்தவன் வெட்டல, பிடிச்சிக் குலுக்கிட்டான்.”

சொல்லி முடித்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனான். ஓட்டை வழியாக அவன் கை வந்தது. விரல்களை ஆட்டினான்.

“என்னண்ணே, வெட்டப் போறியளா?”

பக்கத்தில் நின்ற ஒரு வயதான தம்பதி சிரித்தார்கள். நான் போனை எடுத்து அந்தக் கையைப் படம் எடுத்தேன். கொஞ்ச நேரம் விரல்கள் அங்கேயே இருந்தன. பிறகு உள்ளே போய்விட்டன.

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் இப்படிக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, கதை சொல்லித் திருத்த?

திரும்பும்போது காரில் சொன்னேன்: “அந்தக் கை குலுக்குன பட்லர அஞ்சு வருசத்துல கொன்னுட்டாங்க, தெரியுமா? கொன்னது அவன் சொந்தக்காரனே.”

“அப்படியாண்ணே? போர்டுல அது போடலையே.”

அவன் வானொலியைப் போட்டுவிட்டு ஓட்டினான்.

ஜூலை 18, வியாழன்

அவன் ஓட்டுகிற பேருந்திலேயே ஏறிக் கில்கென்னி முழுக்க ஒரு சுற்று வந்தேன். இங்கே இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். கிழவிகள், சின்னப் பிள்ளைகள், காதில் வளையம் போட்ட தடியன், எல்லோரும். “தேங்க்ஸ், பால்” என்கிறார்கள் சிலர். நான் முப்பது வருடம் வகுப்பில் நின்றேன். முடிந்து வெளியே போகும்போது ஒருவனும் இதைச் சொன்னதில்லை. துறைத்தலைவர் பதவியும் என்னைவிட ஏழு வயது இளையவனுக்குப் போனது. அவனுடைய ஆய்வேட்டில் மூன்றாம் இயல் யார் எழுதியது என்று கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு தனியாகப் புனித கேனிஸ் பேராலயத்துக்குப் போனேன். தேடிப் போனது ஒரு கல்லறையை. கை குலுக்கியவனைக் கொன்ற அந்தச் சொந்தக்காரன், பியர்ஸ் பட்லர், இங்கேதான் கிடக்கிறான். கறுப்புக் கல்லில் முழு உருவம், கவசத்தோடு, கை கூப்பியபடி. பக்கத்தில் மனைவி. அவள் யாரென்றால், கதவு ஓட்டையில் கை நீட்டிய கில்டேர் பிரபுவின் மகள். அவளுடைய தலையணியின் மடிப்பைக்கூட அவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கியிருக்கிறார்கள். கொலையைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு வார்த்தை இல்லை.

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் முதல் பாடம் இது. கல்வெட்டை நம்பாதே, வெட்டச் சொன்னவன் யார் என்று கேள். அவனுக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேள்.

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரெஜினா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன். உப்பு குறைவு.

ஜூலை 21, ஞாயிறு

கேஷல் பாறை. சமவெளியின் நடுவில் திடீரென்று எழுந்து நிற்கிற பாறை, அதன் மேல் கூரையில்லாத பேராலயம், ஒரு வட்டக் கோபுரம், பின்னால் ஒரு சிறிய பழைய சிற்றாலயம். உண்மையைச் சொன்னால், பார்த்தவுடன் மூச்சு நின்றது. சின்னப்பன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

சுற்றிலும் கல்லறைகள். இன்றைக்கும் அங்கே ஒருசிலரைப் புதைக்க முடியுமாம், ஆனால் எப்போதோ எடுத்த பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும். வழிகாட்டிப் பெண் சொன்னாள். பட்டியலில் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தம்பி மகள் ஜெனிலாவுக்குப் பன்னிரண்டு வயது. என் கூடவே கல்லறைகளுக்கு நடுவில் நடந்தாள். சனிக்கிழமைதோறும் இவன் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறான். எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

“பெரியப்பா, தாத்தா கல்லுல என்ன எழுதியிருக்கு?”

“பேரு. தேதி. ஒரு வசனம்.”

“எங்க பேரு?”

“பேரப்பிள்ளைங்க பேரும் போடுவாங்க.”

“என் பேரு எப்படி எழுதியிருக்கு? ‘ஜெ’யா, ‘ஜே’யா? அப்பாவுக்குத் தெரியல. எல்லாரும் ‘ஜே’ போட்டுத் தப்பா எழுதறாங்க. நவம்பர்ல நானே வாசிக்கணும். தப்பா இருந்தா கஷ்டம்.”

“‘ஜெ’தான்” என்றேன். “சரியாத்தான் இருக்கு.”

“ப்ராமிஸ்?”

“ம்.”

அவள் துள்ளிக் குதித்து இவனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். இவன் அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான், ஏதோ நான் நல்லது செய்துவிட்டது மாதிரி.

பேரப்பிள்ளைகள் என்று கல்லில் என் மகன் பெயர் ஒன்றுதான் இருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் எல்லோரும் வெளியே போன பிறகு பிலோமிக்குப் போன் செய்தேன். ஒரு யோசனை. அவன் வருவதற்குள் கல்லில் பெயர்களைச் சேர்த்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

“கல்லுல கீழ இடம் இருக்கான்னு போயிப் பாரு. ரெண்டு பேரு சேக்கணும்.”

“எங்க சேப்பிய? ‘இவரது ஒரே மகன்’னு போட்டிருக்கிய. அதுக்குக் கீழ இன்னொரு மகன் பேர வெட்டுனா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.”

“மெதுவா பேசு.”

“இங்க நான் மட்டுந்தான இருக்கேன், யாரு கேக்கப் போறா? நீங்க இன்னும் சொல்லலையா?”

“சந்தர்ப்பம் வரல.”

“பத்து நாளா ஒரே வீட்ல இருக்கிய, ஒரே கார்ல போறிய, சந்தர்ப்பம் என்ன வெத்தல பாக்கு வச்சா அழைக்கும்?” என்று வைத்துவிட்டாள்.

ஆமாம். இதைப் பதிமூன்றாம் தேதியே எழுதியிருக்க வேண்டும். ‘இவரது ஒரே மகன் பேராசிரியர் சூ. ராயப்பன் எழுப்பியது.’ கல் வெட்டுகிறவர் நான் எழுதிக் கொடுத்த தாளை இரண்டு முறை வாசித்தார். “சார், உங்க தம்பி ஒருத்தர் வெளிநாட்டுல…” என்று இழுத்தார். “தாளில உள்ளத வெட்டும்” என்றேன். அவருக்குத் தெரிந்தது, பங்குச் சாமியாருக்குத் தெரிந்தது, தெருவுக்கே தெரிந்தது. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. கல்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இவன் மூன்று நான்கு தடவை கேட்டான். கொரோனா என்றேன், கல் வேலை முடியவில்லை என்றேன், மழை என்றேன். பிறகு இவன் கேட்பதை நிறுத்திவிட்டான்.

ஜூலை 25, வியாழன்

ஜெர்பாயிண்ட் மடாலயம். கூரை போய்விட்டது. உள்முற்றத்தைச் சுற்றித் தூண்கள் மட்டும் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஓர் உருவம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவனைப் பார்த்து, “வயித்து வலிக்காரன் போல” என்றான் சின்னப்பன். கல்லறைப் பெட்டிகளின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்னப் புனிதர்கள். அவர்களுக்கு ‘அழுபவர்கள்’ என்றே பெயர். இறந்தவனுக்காக எப்போதும் அழுதுகொண்டிருப்பதற்குக் கல்லில் செய்து வைத்த ஆட்கள்.

மழை பிடித்தது. ஒரு வளைவுக்குக் கீழே ஒதுங்கினோம். அடக்கத்துக்கு வரக் கிளம்பித் தோஹாவோடு திரும்பிப்போன கதையை அங்கேதான் அவன் சொன்னான். கேட்காமலே சொன்னான், குற்றம் சொல்கிற குரலில் இல்லை.

“கேட்டுக்குப் பக்கத்துல நிக்கேன். ஊருக்கு இன்னும் ஆறு மணி நேரம். அப்பத்தான் அந்தோணி மாமா வீடியோவுல காட்டுனாவ. பெட்டிய எறக்குதாங்க. போன்ல சார்ஜ் நாலு சதவீதம். முடியுறதுக்குள்ள போயிருச்சி. பெறவு எங்க போக? அப்படியே இந்தப் பக்கம் வார விமானத்துல ஏறிட்டேன். அது தப்புத்தான்ணே. வந்திருக்கணும். வந்து உங்க பக்கத்துல நின்னிருக்கணும்.”

நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கடைசியில அப்பா எதாவது பேசுனாவளாண்ணே?”

“பேசுற நெலமையில இல்ல.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

“இல்ல.”

இதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் வைத்திருங்கள், வந்துவிடுகிறேன் என்று இவன் போனில் அழுதான். சரி என்றேன். ஊரில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக மூன்று நாள் நான்கு நாள் ஐஸ் பெட்டியில் வைப்பது சாதாரணம். அந்தோணி மாமா பெட்டிக்குச் சொல்லியும் விட்டார். பெட்டி வந்து வாசலில் நின்றது. நான்தான் திருப்பி அனுப்பினேன். எட்டு மாதம் குளிப்பாட்டி, துடைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்து எடுத்த உடம்பை இரும்புப் பெட்டிக்குள் குளிர வைக்க மாட்டேன் என்றேன். எல்லோருக்கும் அது பாசமாகத் தெரிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம்.

ஜூலை 26, வெள்ளி

ரெஜினாவிடம் மீன் குழம்பில் புளி அதிகம் என்றேன். “அவியளும் அதத்தான் சொல்லுவாவ அத்தான். ரெண்டு பேருக்கும் ஒரே நாக்கு” என்றாள்.

ஜூலை 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நகரத்துக்கு வெளியே ஒரு பழைய கல்லறைத் தோட்டம். வருடத்தில் ஒரு ஞாயிறு, கோடையில், இங்கே ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் மந்திரிப்பு, அதாவது கல்லறைகளுக்கு ஆசீர்வாதம், நடக்கிறது. குடும்பங்கள் முந்தின வாரமே வந்து புல் வெட்டி, கல்லைத் துடைத்து, பூத்தொட்டி வைத்து, அன்றைக்கு மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கும் கொண்டுவந்து அவரவர் கல்லறைப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் செபமாலை ஓடுகிறது. குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வருவார். நம் ஊரில் நவம்பரில் செய்வதை இவர்கள் வெயில் காலத்தில் செய்கிறார்கள்.

சின்னப்பன் இரண்டு நாற்காலி, ஒரு வாளி, தேய்க்கிற பிரஷ் எடுத்து வந்தான். ரெஜினாவுக்கும் ஜெனிலாவுக்கும் பாடற்குழுவில் இடம். நேராக மூலையில் சாய்ந்து நின்ற ஒரு கல்லுக்குப் போனான். எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது.

“இது யாரு?”

“தெரியாதுண்ணே. யாரும் வாரதில்ல இதுக்கு. எனக்கு நிக்க ஒரு எடம் வேணும்லா? ஃபாதர்ட்ட கேட்டேன், நின்னுக்கோன்னாரு. கொரோனா முடிஞ்சதுலேருந்து வருசா வருசம் வந்து கழுவி விட்டுட்டு நிக்கோம். அப்பாவுக்காகத்தான்.”

குனிந்து தேய்க்க ஆரம்பித்தான். அந்நியன் ஒருவனின் கல்லை. பாசியை ஓரத்திலிருந்து நடு நோக்கித் தேய்த்தான், கழுத்தில் வேர்வை வழிய. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

“சின்னப்பா, அப்பா கல்லுல உன் பேரு இல்லலே.”

பிரஷ் நிற்கவில்லை. “போட்டோ அனுப்பாதப்பவே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

“ஜெனிலா பேரும் இல்ல. அவகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

பிரஷ் நின்றது.

“அதோடயும் இல்ல. ‘ஒரே மகன்’னு வெட்டியிருக்கு.”

“யாரு?”

“நான்.”

நிமிர்ந்தான். ஒலிபெருக்கியில் செபமாலையின் மூன்றாவது பத்து ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட முடியாத இடம். இதை நான் யோசித்தே அந்த இடத்தில் சொன்னேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

“அப்ப நான் செத்துட்டேனா, இல்ல பெறக்கவே இல்லையா? எதுண்ணே?”

“நீ அடக்கத்துக்கு வரல.”

“நீங்க வச்சிருக்கல. பெட்டி வந்து திரும்பிப் போன கதை எனக்கும் தெரியும். அந்தோணி மாமா சொன்னாவ. பாசத்துல பண்ணுனீங்கன்னுதான் அஞ்சு வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன்.” குரல் தாழ்ந்தே இருந்தது. “ஏன்ணே? என்ன பண்ணுனேன் நான் ஒங்களுக்கு?”

ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் விஷயம். எட்டு மாதம் ஒன்றுமே பண்ணாமல் இருந்தவன் அவன். தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் இருந்தன. இந்த நாட்டுக் கல்லறைக் கற்களில் எழுப்பியவன் பெயரைத்தான் முதலில் போடுகிறார்கள் என்று ஒரு பதில்கூட வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“கடைசி மூணு நாளும் அப்பா உன்னத்தான் கேட்டாரு. பக்கத்துல நான் நிக்கேன். துடைக்கது நான், தூக்கி உக்கார வைக்கது நான். கண்ண முழிச்சி என் மூஞ்சியப் பாத்து, ‘சின்னவன் வந்துட்டானா’ன்னு கேக்காரு. என் பேர ஒரு தடவ சொல்லல.”

அவன் வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“எத்தன தடவ கேட்டாவ?”

“எண்ணல.”

எண்ணினேன். முதல் நாள் பதினொன்று. இரண்டாம் நாள் ஆறு. கடைசி நாள் ஒன்று.

“இத ஏன் எங்கிட்ட சொல்லல? கல்லு கெடக்கட்டும்ணே, அது கல்லு. இத அஞ்சு வருசமா ஒங்க வயித்துக்குள்ளயே வச்சிருந்தியளா? முந்தாநாத்துகூட கேட்டனே. பேசுற நெலமையில இல்லன்னியளே!”

முந்தாநாள் அல்ல, வியாழக்கிழமை. திருத்தவில்லை.

குருவானவர் வந்துவிட்டார். தீர்த்தம் தெளித்தார். “உன் அப்பாவுக்காகவும், பால்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னைப் பார்த்து, “நீங்கள்?” என்றார்.

“இவர் எங்க அண்ணன்” என்றான் சின்னப்பன். பிறகு நாற்காலிகளை மடக்கினான்.

ஜூலை 29, திங்கள்

அவன் நான் எழுவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டான். திரும்பி வந்து நேராக அறைக்குள் போனான். சட்டைகள் காய்ந்துவிட்டன.

ஜூலை 30, செவ்வாய்

ரெஜினா தோசை வைத்துக்கொண்டே சொன்னாள்: “அத்தான், ஜெனிலாகிட்ட நீங்களே சொல்லணும்னு அவிய சொல்லச் சொன்னாவ. நாங்க யாரும் சொல்ல மாட்டோம்.”

பள்ளிக்கூடம் விடுமுறை. அவள் சமையலறை மேசையில் பாலில் கார்ன்ஃபிளேக்ஸைக் கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“தாத்தா கல்லுல உன் பேரு இல்லம்மா. இருக்குன்னு சொன்னேன்ல, அது பொய்.”

கரண்டியை வைத்தாள். “மறந்துட்டாங்களா?”

“இல்ல. நான்தான் போடல.”

“ஏன்?”

“உங்க அப்பா மேல கோவம்.”

“அப்பா பேரு?”

“அதுவும் இல்ல.”

யோசித்தாள். “ஆனா நான் ஒண்ணும் பண்ணலையே பெரியப்பா. எனக்கு அப்போ ஏழு வயசு.”

கரண்டியை எடுத்து மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தாள். நான் எழுந்து போக வேண்டுமா, உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. உட்கார்ந்திருந்தேன். அவள் சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பரீட்சைத்தாள் திருத்திய முப்பது வருடத்தில் இவ்வளவு சரியான பதிலுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

ஜூலை 31, புதன்

பெட்டி கட்டினேன். கஹிர் கோட்டை அவன் தாளில் மிச்சம் இருந்தது. போகவில்லை.

ஆகஸ்டு 1, வியாழன். டப்ளின் விமான நிலையம்

வாடகை வண்டியில் போய்க்கொள்கிறேன் என்றேன். காதில் வாங்காமல் கார்ச் சாவியை எடுத்தான்.

வழியெல்லாம் வானொலி. மழை பற்றிச் சொன்னார்கள், மாட்டு விலை பற்றிச் சொன்னார்கள். நிலையத்தில் இறக்கிவிடுகிற இடத்தில் நிறுத்தினான். அங்கே அதிக நேரம் நிற்கக் கூடாது.

“அண்ணே.”

“சொல்லு.”

“ஊருக்குப் போயி கல்ல மாத்தலாம்னு இருக்கியளா?”

“ஆமாலே. அதையே நெனச்சிக்கிட்டு வாரேன். புதுக் கல்லே போட்டுருதேன். எல்லார் பேரும். நவம்பருக்கு முன்னாலயே…”

“வேண்டாம்.”

“அப்படிச் சொல்லாத. நீங்க வந்து நிக்கும்போது…”

“வருவோம். டிக்கெட்ட ஒண்ணும் ரத்து பண்ணல. வந்து மெழுகுவர்த்தி வைப்போம், பூ போடுவோம், ஒங்க பக்கத்துலயே நிப்போம். ஆனா நீங்க அதுல கை வைக்காதிய. அது அப்படியே நிக்கணும்.”

“ஊர்ல சிரிப்பாவ சின்னப்பா.”

“சிரிக்கட்டும்.” வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான், கோபமே இல்லாமல், பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற மாதிரி: “கல்லுல நீங்களே இருங்கண்ணே. அப்பா வாயில நான் இருந்துட்டேன். எனக்கு அது போதும்.”

பெட்டியோடு நடைபாதையில் நின்றேன். அவன் சொன்னது உண்மை, அந்த உண்மையை அவனுக்குக் கொடுத்தவனும் நான்தான்.

பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சின்னப்பன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வண்டியை எடுத்தான்.